ஏர் ஃப்ரையரை வாங்குவோருக்கும் விற்போருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிக்ஸி, கிரைண்டர் வரிசையில் ஏர் ஃப்ரையரும் இன்று நடுத்தரக் குடும்பங்களின் சமையல் மேடையில் இடம்பிடித்துவிட்டது. பண்டிகைக்காலத் தள்ளுபடியில் வாங்கியவர்களும் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கி அனுப்பியதும் உண்டு. மதுரையில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். என் கடைக்கு வரும் ஏர் ஃப்ரையர்களில் பெரும்பாலானவை கருகிய பிளக்கோடும், சுரண்டப்பட்ட கூடையோடும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய காயிலோடும் (சூடேறும் கம்பிச்சுருள்) வருகின்றன. இவை பயன்படுத்தும் முறையால் வருகிற பழுதுகள். அந்த முறையை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்ல விற்பனையிடத்திலும் ஆள் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் சிறு புத்தகத்திலும் தமிழ் இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய பிறகே இந்தச் சாதனம் உலகெங்கும் வீடுகளுக்குப் பரவியது. இதன் அமைப்பு எளியது. மேலே ஒரு காயில், அதற்கு மேல் ஒரு ஃபேன், கீழே துளையிட்ட கூடை. காயிலில் சூடேறும் காற்றை ஃபேன் வேகமாகச் சுழற்ற, அந்தக் காற்று கூடையிலுள்ள உணவின் எல்லாப் பக்கங்களிலும் பட்டு ஈரத்தை விரட்டி மேல்புறத்தை மொறுமொறுப்பாக்குகிறது. ஆகவே இது ஒரு சிறிய வெப்பக்காற்று அடுப்பு என்று கொள்வதே சரி. எண்ணெய்ச் சட்டியில் நடப்பது வேறு. அங்கே 175 அல்லது 180 டிகிரி செல்சியஸில் இருக்கும் எண்ணெய் மாவைத் தொட்ட நொடியிலேயே அதன் மேல்புறம் இறுகிவிடும். காற்று அவ்வளவு விரைவாக வெப்பத்தைக் கடத்தாது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், எதை இதில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது தானே விளங்கிவிடும்.

பஜ்ஜி மாவையும் உளுந்து வடை மாவையும் நேரே கூடையில் ஊற்றினால், இறுகுவதற்கு முன்பே மாவு துளைகள் வழியே வழிந்து அடித்தட்டில் கருகும். முறுக்கும் அதிரசமும் எண்ணெய்ச் சட்டிக்கே உரியவை என்பது என் கருத்து. அவற்றை இதில் செய்ய முயல்வது மாவுக்கும் நேரத்துக்கும் நட்டம். மாறாக, கெட்டியாக அரைத்துத் தட்டிய பருப்பு வடை, எண்ணெயும் மசாலாவும் பூசிய வஞ்சிரம் துண்டு, முக்கால் பதம் வேகவைத்துத் தோலுரித்த சேப்பங்கிழங்கு, சேனை, வாழைக்காய், வெண்டைக்காய், நிலக்கடலை, மோர் மிளகாய் ஆகியவை இதில் மிக நன்றாக வருகின்றன. குறிப்பாக வெண்டைக்காயின் கொழகொழப்பு வாணலியில் போவதைவிட இதில் எளிதில் போய்விடும். மீந்துபோன சமோசாவையும் வடையையும் மறுபடி மொறுமொறுப்பாக்க இதைவிடச் சிறந்த வழி வீட்டில் இல்லை.

விளம்பரங்கள் ‘எண்ணெயே வேண்டாம்’ என்று சொல்வதை அப்படியே ஏற்பதால்தான் பல வீடுகளில் உணவு வறண்டு, தோல்போல இழுபடுகிறது. நான்கு பேருக்கான உருளைக்கிழங்குக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய், அதாவது சுமார் 10 மில்லி, கட்டாயம் தேவை. அதைக் கூடையில் ஊற்றாமல், தனிப் பாத்திரத்தில் காயோடு சேர்த்துக் கையால் பிசறிவிட வேண்டும். மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் அந்த எண்ணெயிலேயே கலந்துவிட வேண்டும். மேலே வெறுமனே தூவினால் ஃபேன் காற்றில் பறந்து காயிலில் ஒட்டிக் கருகும். பிறகு சமைக்கிற எல்லாவற்றிலும் அந்தக் கருகல் வாடைதான். கறிவேப்பிலையைக் கடைசி ஒரு நிமிடத்தில், அதுவும் காய்களுக்கு அடியில் செருகிப் போடுவது நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் உறைந்த உருளைக்கிழங்கு விரல்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே எண்ணெயில் ஒருமுறை பொரிக்கப்பட்டவை. அவற்றை ஏர் ஃப்ரையரில் சூடாக்கிவிட்டுக் குழந்தைகள் எண்ணெயில்லாத பண்டம் சாப்பிடுகிறார்கள் என்று பெற்றோர் நிம்மதி அடைவது சரியல்ல.

ஈரம் இந்தச் சாதனத்துக்கு முதல் எதிரி. உணவின் மேல்புறத்தில் தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை மொறுமொறுப்பும் வராது. கழுவிய காயைத் துணியில் ஒற்றி எடுத்த பிறகே எண்ணெய் பிசற வேண்டும். உப்பு நீரை இழுக்கும் என்பதால் வெண்டைக்காய் போன்றவற்றுக்கு உப்பைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. அடுத்த பிழை கூடையை நிரப்புவது. பெட்டியில் 4 லிட்டர் என்று போட்டிருப்பது கூடையின் மொத்தக் கொள்ளளவு. அவ்வளவு உணவை அதில் சமைக்கலாம் என்பது அதன் பொருளன்று. காற்று போய்வர இடம் விட்டு ஒரே அடுக்காகப் பரப்பினால் 4 லிட்டர் கூடையில் ஏறக்குறைய இரண்டு பேருக்கானதைத்தான் ஒரு முறையில் செய்ய முடியும். ஐந்து பேர் உள்ள குடும்பம் இரண்டு, மூன்று தவணையாகச் செய்ய மனமின்றிக் கூடையைக் குவித்து வைக்கும்போது, மேலே கருகியும் நடுவே வேகாமலும் வருகிறது; பழி சாதனத்தின் மேல் விழுகிறது. மூன்று நிமிடம் காலியாக ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்வதும், பாதி நேரத்தில் கூடையை வெளியே இழுத்துக் குலுக்கிவிடுவதும் அல்லது துண்டுகளைத் திருப்பிப்போடுவதும் பழக்கமாக வேண்டும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, 200 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் முடியும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டுகிறேன். உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்துள்ள உணவுகளை 120 டிகிரிக்கு மேல் ஈரமின்றிச் சூடாக்கும்போது அக்ரிலமைடு என்ற, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய வேதிப்பொருள் உருவாகிறது என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நிறம் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவுக்கு அதுவும் கூடும். எண்ணெயில் பொரித்தாலும் காற்றில் சமைத்தாலும் இது பொருந்தும். நறுக்கிய கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, நன்றாகத் துடைத்து, 180 டிகிரியில் வைத்து, பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட்டால் அக்ரிலமைடும் குறையும், சுவையும் கெடாது. கோழிக்கறிக்கு எதிர்மாறான கவனம் தேவை. மசாலா சிவந்துவிட்டதைப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். எலும்பை ஒட்டிய பகுதி அப்போது வெந்திருக்காது. கோழியின் உட்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். உணவு வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் தொடைத் துண்டை எலும்புவரை கீறி, சிவப்பு நீர் வராததை உறுதிசெய்துகொண்டு பரிமாறட்டும்.

இனி என் தொழில் சார்ந்த செய்தி. ஆசிரியர் இடம் தருவாரானால் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காமல் வெளியிட வேண்டுகிறேன். 1500 வாட் ஏர் ஃப்ரையர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். நம் வீடுகளில் செல்பேசிச் சார்ஜரும் மேசை விசிறியும் செருகுகிற சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கு உரியது. பேச்சுவழக்கில் அதைத்தான் 5 ஆம்பியர் பிளக் என்கிறோம். தடித்த பின்களைக் கொண்ட 16 ஆம்பியர் பிளக் சாதனத்தோடு வருவது காரணத்தோடுதான். அதைச் சிறிய சாக்கெட்டில் பொருத்தக் கடைகளில் விற்கும் கன்வெர்ட்டரை வாங்கிச் செருகும்போது, சாக்கெட்டும் அதன் பின்னால் சுவருக்குள் ஓடும் மெல்லிய கம்பியும் தாங்க வேண்டிய அளவுக்கு மேல் சூடாகின்றன. அன்றே எதுவும் நடக்காது. சில மாதங்களில் பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு கருகி, ஒருநாள் தீப்பொறி பறக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதே பாக்ஸில் மிக்ஸியையும் கெட்டிலையும் சேர்த்து ஓட்டுவது இன்னும் மோசம்.

சமையலறையில் 16 ஆம்பியர் சாக்கெட் இல்லையென்றால், தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி இழுத்து, எர்த் இணைப்போடு தனிச் சாக்கெட் போட்டுக்கொள்வதே முறை. அந்தச் செலவைச் சாதனத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சரியான சாக்கெட்டில்தான் செருகியிருக்கிறோமா என்ற ஐயம் உள்ளவர்கள், பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு சாதனத்தை நிறுத்தி, சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிளக்கின் மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்க முடியாத சூடு இருந்தால் அந்த இணைப்பை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பல வீடுகளில் சிறிய சாக்கெட்டுகள் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கின்றன. மின்வெட்டு வந்ததும் ஏர் ஃப்ரையரின் சுமை முழுவதும் இன்வெர்ட்டர் மேல் விழுந்து அதைப் பழுதாக்கிவிடக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வைக்கும் இடமும் கவனத்துக்குரியது. வெந்த காற்று பின்புறத் துளை வழியாக வெளியேறுவதால் பின்னாலும் பக்கங்களிலும் மேலேயும் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். நம் சமையல் மேடைகள் சிறியவை. பக்கத்திலேயே கேஸ் அடுப்பு, அதன் பின்னால் ரப்பர் குழாய். அந்தக் குழாயை நோக்கி வெந்த காற்று வீசும்படி ஏர் ஃப்ரையரை வைத்திருந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். இடமில்லை என்பதற்காக அணைத்த கேஸ் அடுப்பின் மேல் ஏற்றிவைப்பதும் கூடாது. யாரோ தெரியாமல் அடுப்பின் திருகைத் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்பளத்தையும் வெண்ணெய்த் தாளையும் பற்றித் தனியாகச் சொல்கிறேன். இரண்டும் எடை குறைந்தவை. காற்றில் எழும்பிக் காயிலில் ஒட்டினால் பற்றிக்கொள்ளும். அப்பளத்தின் மேல் சாதனத்தோடு வந்த கம்பித்தட்டை வைத்து அழுத்திவிட வேண்டும். தாளை உணவின் எடை அழுத்தும்படி மட்டுமே விரிக்க வேண்டும். காலியாகச் சூடேற்றும்போது உள்ளே தாள் இருக்கவே கூடாது. வாழையிலையில் மீனை மடித்து வைப்பவர்கள் இலையின் ஓரங்களை அடியில் மடித்துவிடட்டும்.

கூடையின் நான்ஸ்டிக் பூச்சுக்குக் கம்பி ஸ்க்ரப்பரும் கரண்டியும் எமன். ஆறிய பிறகு வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்தால் மென்மையான பஞ்சே போதும். மரக்கரண்டியோ சிலிக்கான் இடுக்கியோ கொண்டுதான் துண்டுகளைத் திருப்ப வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, முழுதும் ஆறிய பின் சாதனத்தைக் கவிழ்த்துக் காயிலையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. சாதனத்தின் உடலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும், இரவில் துகள்களோடு அப்படியே விட்டுவிடுவதும் கேடு. துகளைத் தேடி வரும் கரப்பான் பூச்சிகள் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையில் குடியேறுகின்றன. என் மேசைக்கு வரும் சாதனங்கள் சிலவற்றின் ஒரே குறை அதுதான்.

இவ்வளவையும் வாங்குபவரே தேடித் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. தமிழ்நாட்டில் விற்கும் ஏர் ஃப்ரையர்களின் கையேடு தமிழிலும் இருக்க வேண்டும். ‘16 ஆம்பியர் சாக்கெட் தேவை’ என்ற வரி பெட்டியின் முன்புறத்தில், லிட்டர் அளவு எழுதியிருக்கும் அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனையாளர்கள் பில் போடும் முன், வீட்டில் அந்தச் சாக்கெட் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். பூச்சு உரிந்த கூடையைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே சரி. ஆனால் மாற்றுக் கூடை கேட்டு வருபவர்களுக்குப் பல மாடல்களில் கிடைப்பதில்லை. ஃபேனும் காயிலும் நன்றாக ஓடும் சாதனத்தை, ஒரு கூடைக்காகப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டிய நிலையில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒரு மாடலை விற்கத் தொடங்கும் நிறுவனம், குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு அதன் கூடையையும் அடித்தட்டையும் நியாயமான விலையில் தனியாக விற்கக் கடமைப்பட்டது. வாங்கப் போகிறவர்களும் பணம் கொடுப்பதற்கு முன், அந்த மாடலின் கூடை தனியே கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மின்சாதனம் பழுதுபார்க்கும் வாசகர்,
மதுரை.