செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் தீபாவளி ஒன்றுகூடலும் இவ்வாண்டும் சிறப்பாக நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் படைப்பார். நான் பாலர் கதை வட்டத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

உட்லண்ட்ஸில் நம் புளோக் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வட்டம் இது. "கதை கேட்டா பிள்ளை முன்னேறிடுமா?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில் 1962ல் பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளில் 58 பேர் பாலர் பள்ளிக்குப் போனார்கள். அவர்களது அறிவுத்திறன் மதிப்பெண் ஏறியது, சில ஆண்டுகளில் அந்த ஏற்றம் மறைந்தும் போனது. அதோடு விட்டிருந்தால் திட்டம் தோற்றது என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் 40 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள், பாலர் பள்ளிக்குப் போனவர்களில் 36 விழுக்காடு, போகாதவர்களில் 55. வருமானத்திலும் போனவர்களே முந்தினர். நோபெல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன், பிள்ளைகளின் குணநலனில் ஏற்பட்ட மாற்றத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்கிறார். சிறிய ஆய்வுதான், நம் சூழலும் வேறு. ஆனால் அங்கே ஆசிரியைகள் வாரந்தோறும் வீடு தேடிப் போய்த் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள் என்பதே என் மனத்தில் நின்றது. இங்கு சிங்கப்பூரில், குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்காக 2016ல் தொடங்கிய கிட்ஸ்டார்ட் திட்டத்திலும் வீட்டுச் சந்திப்பு உண்டு.

ஆகவே நாமும் வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம். ஒரு வீட்டில் பெற்றோர் இருவருக்கும் ஷிப்ட் வேலை. பிள்ளை பாட்டியின் பொறுப்பு. படப் புத்தகத்தை நீட்டியதும், "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்று பாட்டி கையை இழுத்துக்கொண்டார். "படத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்க பாட்டி" என்றார் நம் தொண்டூழியர். யானைப் படம் வந்தது. ஊர்க் கோயில் யானை தேங்காயை மிதித்து உடைக்கும் கதை புறப்பட்டது. அதுவரை ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன பேரன், "அதுக்குக் கால் வலிக்காதா பாட்டி?" என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வார நாள் மாலைகளில் வரத் தொண்டூழியர் போதவில்லை. பெயர் தந்துவிட்டு இரண்டு மாதத்தில் நின்றுவிடுவதைவிட, ஒரே குடும்பத்துக்கு ஓராண்டு முழுக்கப் போகக்கூடியவர் ஒருவர் கிடைத்தாலும் போதும். பிள்ளைகள் முகம் பழகியபின்தான் வாய் திறக்கிறார்கள்.

சிறுவர் தின விருந்துக்கு ஒதுக்கும் தொகையில் பாதியைப் புத்தகங்களுக்கும் தொண்டூழியர் பயிற்சிக்கும் மாற்றும்படி செயற்குழு பரிந்துரைக்கிறது. தீர்மானத்தை உறுப்பினர்கள் வாக்கெடுப்புக்கு ஏற்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்