செயலரின் ஆண்டறிக்கை: லாக்ஸ்டன் ஊர் வரலாற்று வட்டம், நாட்டிங்காம்ஷயர், இங்கிலாந்து

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு சொல்லும்படியான வேலை ஒன்றுதான்: 1635ஆம் ஆண்டு வரைபடத்தின் நகலோடு வயலில் இறங்கினோம்.

ஊரை அப்போது விலைக்கு வாங்கியிருந்த வணிகர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் அளந்து வரைந்த படம் அது. மூலப்படம் ஆக்ஸ்ஃபோர்டில், போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. கீற்றுக் கீற்றாக நிலத்தைக் காட்டுவதோடு, ஏர் ஓட்டுகிறவர்களையும் அறுப்பவர்களையும்கூட ஆங்காங்கே வரைந்திருக்கிறார்.

நாடாளுமன்றச் சட்டம் போட்டு ஊர் ஊராகப் பொது வயல்களை (வேலியில்லாமல் பலர் கீற்றுகளாகப் பகிர்ந்து உழுத பெரிய வயல்களை) வேலியடைத்த காலத்தில் நம் மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் மூன்றும் தப்பின. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தப் பயிர், ஒன்று தரிசு என்று இன்றும் சுழற்சி நிற்கவில்லை. ஆனால் படத்திலுள்ள கீற்றுகளைத் தேடினால் கிடைக்காது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய நில உரிமையாளர் மேன்வர்ஸ் பிரபு காலத்தில், அவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். அரை நாள் அலைந்த பிறகுதான் இது உறைத்தது. முன்கூட்டிப் படித்துவிட்டுப் போகாதது என் தவறு. நகல் மழையில் நனைந்ததும் என் தவறே. ஏர் போக முடியாத ஈரச் சரிவுகளான ‘சைக்’ புல்வெளிகள்தான் இடங்களை அடையாளம் காண எங்களுக்குக் கை கொடுத்தன.

நவம்பர் இறுதியில், ஊர் மன்றம் நியமிக்கும் வயல் பார்வையாளர்களான ஜூரிகளின் பின்னால் நடந்தோம். புதிதாக விதைத்த கோதுமை வயலைச் சுற்றிவந்து, யாராவது பாதையையோ புல்வெளியையோ கரைத்து உழுதிருந்தால் முளைக்குச்சி அடித்து எல்லையை மீட்பது அவர்கள் வேலை. அடுத்த வாரம் டவ்கோட் விடுதியில் ஊர் மன்றம் கூடித் தண்டம் விதிக்கும். இம்முறை தண்டம் கட்டியவர்களில் நம் உறுப்பினர் ஒருவரும் உண்டு. பெயர் வேண்டாம், ஊருக்கே தெரியும். சொற்பத் தொகைதான், ஆனாலும் மனிதர் அடுத்த இரண்டு கூட்டங்களுக்குத் தலைகாட்டவில்லை.

நில உரிமை பற்றிய குறிப்பேட்டையும் முடித்தோம். 1952இல் மேன்வர்ஸ் குடும்பம் நிலத்தை விவசாய அமைச்சகத்துக்கு விற்றது. 1981இல் அது மன்னர் சொத்து நிர்வாகத்துக்குப் போனது. 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. தோர்ஸ்பி அந்த மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய இருப்பிடம்தான். சுற்றி வந்து சொத்து பழைய வாசலிலேயே நிற்கிறது.

கோட்டை மேட்டுக்கும் தேவாலயத்துக்கும் இந்த ஆண்டு நேரம் கிடைக்கவில்லை.

வரும் ஆண்டு ஆலை வயல். நகலுக்கு பிளாஸ்டிக் உறை வாங்கியாயிற்று. ரப்பர் பூட்ஸ் அவரவர் பொறுப்பு.

செயலர்