மலையில் பொழுது பன்னிரண்டு மணிவரைதான்

பெரியகுளம்
ஏப்ரல் 20

அன்பு மகள் கயலுக்கு,

மே மாதம் இருபது நாள் கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கப் போகிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அதில் பாதி காதில் ஏறியிருக்காது. எழுதிவிட்டால் எனக்கும் நிம்மதி. இதை அடுப்படிச் சுவரில் ஒட்டிவை.

முதலில் ஒன்று. மலையில் பொழுது பகல் பன்னிரண்டு மணியோடு முடிந்தது என்று வைத்துக்கொள். மே மாதத்தில் காலை ஆறிலிருந்து பத்து வரை வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறக் கீழே சமவெளியின் சூட்டுக்காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் ஏறும். பதினொன்றுக்கு மஞ்சு மூடும், இரண்டு மூன்று மணிக்கு இடியும் மழையும். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்துக்கே காலை வேளைதான் தோது. ஊர் சுற்ற வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு எழுந்து, பூரி சாப்பிட்டு, பதினொன்றுக்குக் கிளம்பி, பில்லர் ராக்ஸில் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே தெரியல" என்று திரும்புவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நடை, காய்கறி வாங்குவது, துணி காயப்போடுவது எல்லாம் காலையில். அடுப்பு வேலையை மதியத்துக்குத் தள்ளு. மழை பெய்யும்போது அடுப்படிதான் வீட்டிலேயே கதகதப்பான இடம்.

அந்த அடுப்படியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. அதனால்தான் சோற்றை வடித்தால் வெளியே குழைந்து, நடுவில் அரிசி நிற்கும். வடிக்கிற ஆசையை விட்டுவிடு, குக்கரில் வை. குக்கருக்குள்ளேயும் இங்கே இருக்கிற சூடு அங்கே வராது. வெளியே காற்றழுத்தம் குறைவு, வெயிட் அதற்கு மேலேதான் அழுத்தத்தைக் கூட்டும். ஆகவே எல்லாவற்றுக்கும் நேரத்தில் கால் பங்கு கூட்டிக்கொள். விசில் எண்ணாதே. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார். துவரம்பருப்பு இங்கே எட்டு நிமிடம் என்றால் அங்கே பத்து. அதுவும் அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்த பருப்பாக இருக்கட்டும். கொண்டைக்கடலையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் ராத்திரி முழுக்கக் கிடந்தும் உள்ளே கல்லாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, மூடி, அடுப்புப் பக்கத்தில் வை. முட்டை கெட்டியாக வேக 14 நிமிடம். இட்லி 15-இலிருந்து 18 நிமிடம். பத்து நிமிடத்தில் திறந்தால் அடி பிசுபிசுக்கும், பிறகு எத்தனை நேரம் வைத்தாலும் சரிவராது.

இட்லி என்றதும் மாவு. இங்கே மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடுகிற மாவு அங்கே பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் போட்டபடியே கிடக்கும். ராத்திரிக் குளிர் 12 டிகிரிக்கு இறங்குமே, எப்படிப் புளிக்கும்? நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, இரண்டு ஸ்பூன் வெந்தயம். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையால் இரண்டு நிமிடம் நன்றாகக் கரை. உப்புப் போடாதே, உப்புப் புளிப்பைத் தாமதப்படுத்தும், பொங்கிய பிறகு போட்டுக் கலக்கிக்கொள்ளலாம். பாத்திரத்தை மூடிக் கம்பளியில் சுற்றி, சூடு வெளியே போகாத ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வை. ராத்திரி படுக்கும் முன் வெந்நீரை மாற்று. பதினெட்டு மணி நேரத்தில் தயாராகும். ஆக, திங்கட்கிழமை காலை இட்லிக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அரைத்திருக்க வேண்டும். தயிருக்கும் இதே பெட்டிதான். பால் கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலேயே இருக்கும்போது உறை ஊற்று, லிட்டருக்கு ஒரு ஸ்பூனுக்குப் பதில் இரண்டு ஸ்பூன்.

முதல் நான்கு நாளைக்கு நான் மாவு அரைத்துத் தூக்குச்சட்டியில் தருகிறேன். தூக்கில் பாதிதான் ஊற்றுவேன், குறை சொல்லாதே. வத்தலக்குண்டுச் சூட்டில் காருக்குள் மாவு பொங்கும். மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து உள்ளே அடைபட்ட காற்று மூடியைத் தள்ளும். வழியில் டம்டம் பாறையிலும் பெருமாள்மலையிலும் நிறுத்தி மூடியை ஒரு தடவை திறந்து மூடு. ஊறுகாய் பாட்டில், ஷாம்பு, பாப்பாவின் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் இப்படித்தான் உப்பும். எண்ணெய் எதையும் துணிப்பையில் போடாதே.

மாப்பிள்ளை அடுக்கம் ரோடு கிட்டே என்று சொல்வார். அது குறுகல், கோடை மழைக்கு மண் சரியும். வத்தலக்குண்டு வழியாகவே போங்கள், விடிகாலையில். பாப்பாவுக்குப் பால் கொடுத்து ஏற்றாதே. கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி, சட்னி இல்லாமல் சர்க்கரை தொட்டு. வண்டியில் போனைக் கையில் கொடுக்காதே. கண் குனிந்திருக்க உடம்பு வளைவில் சுற்றினால்தான் குமட்டும். 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், கிளம்பும் முன்பே போனில் எடுத்துவிடுங்கள். சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

மாம்பழம் கேட்டாய். நம்ம ஊர் மாம்பழம் கட்டாயம் தருகிறேன், ஆனால் பழுத்ததுதான். காயாகக் கொண்டுபோய் அங்கே பழுக்கவைக்கலாம் என்று நினைக்காதே. அந்தக் குளிரில் மாங்காய் பழுக்காது. தோல் கறுத்து, உள்ளே புளித்து, சுருங்கிப் போகும். அங்கே உனக்கு வேறு பழங்கள் இருக்கின்றன. மே மாதம் பிளம்ஸும் பீச்சும் வரும். பிளம்ஸைக் கடையில் நிறம் பார்த்து வாங்காதே. காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்து. கொஞ்சம் இளகி, மேலே வெள்ளைப் பொடி அழியாமல் இருந்தால் அது நல்ல பழம். பளபளவென்று துடைத்து அடுக்கியிருந்தால் பறித்து நாளாகியிருக்கும். பேரிக்காய் கிடைத்தாலும் விட்டுவிடு, அதற்கு ஜூலை ஆக வேண்டும். மலைவாழையில் விருப்பாச்சி கேள். 2008-லேயே புவிசார் குறியீடு வாங்கிய பழம். தோல் கறுத்துச் சுருங்கியதைப் பார்த்து ஒதுக்காதே, அப்போதுதான் உள்ளே சதை கெட்டியாக, தேனாக இருக்கும். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு அதைத் தேடுவது அதனால்தான்.

காய்கறியில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், மற்றது உனக்கே தெரியும். பட்டர் பீன்ஸ். தோலோடு ஒரு கிலோ வாங்கினால் உரித்துப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும். தோல் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புகிற பதத்தில் எடு; முற்றிலும் பழுப்பாகிவிட்டால் விதை மாவாகிவிடும். கால் கிலோ விதைக்கு நூறு கிராம் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, பத்துப் பல் மலைப்பூண்டு. மலைப்பூண்டு பல் சின்னது, காரம் பெரியது. இங்கே போடுகிற கணக்கில் பாதி போதும். வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்கியதும் விதையைப் போட்டு, தண்ணீரும் மஞ்சளும் மட்டும் சேர்த்து வேகவை. குக்கர் என்றால் மூன்று நிமிடம். விதையை இரண்டு விரலில் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி வழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் தக்காளி, நெல்லிக்காய் அளவு புளி, குழம்புத்தூள், கடைசியில் இரண்டு ஸ்பூன் தேங்காய் விழுது. முதலிலேயே புளியைக் கரைத்து ஊற்றினால் விதை எத்தனை மணி நேரம் ஆனாலும் கடுக்கென்றே நிற்கும். புளிப்புப் பட்டால் தோல் இறுகிவிடும். மலையில் சூடு வேறு குறைவு. இதில் கோட்டைவிட்டால் குழம்பையே கொட்ட வேண்டியதுதான்.

அந்தப் பூண்டை நேரே விளைகிற இடத்தில் வாங்க ஒரு காலை பூம்பாறை போங்கள். படிப்படியாக இறங்கும் வயலைப் பார்த்துவிட்டு, குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே மன்னவனூர் போனால் புல்வெளி. கட்டுச்சோறு அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மன்னவனூரில் நடுவண் அரசின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது, பாப்பாவுக்குச் செம்மறியும் முயலும் போதும்.

கட்டுச்சோற்றுக்குத் தயிர்சாதமும் சப்பாத்தியும் வேண்டாம். குளிரில் சோறு விறைக்கும், பிரிட்ஜில் வைத்த மாதிரி. புளியோதரைதான் தாங்கும், அதுவும் இப்படி: இரண்டு டம்ளர் அரிசியை வழக்கத்தைவிட அரை டம்ளர் தண்ணீர் கூட வைத்துக் குக்கரில் குழையாமல் வேகவை. புளி 60 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி. எண்ணெய்க்குப் பயப்படாதே, அதுதான் பருக்கையை இளக்கமாக வைத்திருக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடாது, 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். தொட்டுக்கொள்ள வறுத்த அப்பளம் எடுத்துப் போகாதே, மஞ்சில் நமத்துவிடும்; வேர்க்கடலையை அதிலேயே கிளறிவிடு. ஃபிளாஸ்கில் சுக்குமல்லிக் காப்பி: ஒரு லிட்டர் தண்ணீருக்கு இடித்த சுக்கு பத்து கிராம், மல்லி இரண்டு பெரிய ஸ்பூன், மிளகு அரை ஸ்பூன், கருப்பட்டி நூறு கிராம், பத்து நிமிடக் கொதி. ஊற்றும் முன் ஃபிளாஸ்கில் வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டு. இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியே பாதிச் சூட்டைக் குடித்துவிடும்.

நடைக்கு முதல் நாள் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், அதோடு சரி. அந்த உயரத்தில் முதல் நாள் லேசாகத் தலைவலியும் மூச்சிரைப்பும் இருக்கும். தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். மூன்றாம் நாள் வட்டக்கானல் வழியாக டால்பின் நோஸ் பாறைக்கு. காலை ஏழுக்கு இறங்கிவிடுங்கள். போகும்போது இறக்கம், மரவேர்தான் படி; திரும்பும்போதுதான் மூச்சு வாங்கும், பாப்பாவைத் தூக்க மாப்பிள்ளைக்குத் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். முனைப் பாறை மழையில் நனைந்திருந்தால் ஓரத்துக்குப் போகவே வேண்டாம். படம் எடுக்கிறேன் என்று அங்கே நிற்கிறவர்களைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

சோலைக்குள் மழைக்குப் பிறகு அட்டை ஏறும். உப்பைக் கொட்டிப் பிய்க்காதே. நகத்தால் வாய்ப்பக்கமாக நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அது அட்டையின் எச்சில் செய்கிற வேலை, அழுத்திப் பிடித்தால் போதும். காட்டுமாடு அங்கே ரோட்டிலேயே நிற்கும். சாதுவாகத்தான் மேயும், ஆனால் சாயங்காலமும் விடிகாலையும் வாசலைத் திறக்கும் முன் வெளியே பார்த்துவிட்டுத் திற. காளான், காட்டுப் பழம் எதையும் பாப்பா தொடக்கூடாது. யாராவது காளான் விற்றாலும் வாங்காதே. இடி கேட்டால் புல்வெளியிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் வண்டிக்குள் ஏறிவிடுங்கள். காட்டுக்குள் தீ மூட்டிச் சமைக்கிற யோசனை மாப்பிள்ளைக்கு வந்தால் இப்போதே சொல்லிவிடு, வனத்துறை வழக்குப் போடும். குறிஞ்சி எங்கே என்று பாப்பா கேட்டால் 2030 வரை பொறுக்கச் சொல். போன தடவை 2018.

ராத்திரிக்கு ஒன்று, இதை இரண்டு தடவை படி. குளிர்கிறது என்று கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதில் வரும் நச்சுவாயுவுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளியலறைக்குள் கேஸ் கெய்சர் இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் குளிக்க வேண்டும். காலையில் கேஸ் அடுப்பு சோம்பலாக எரிந்தால் சிலிண்டர் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெயில் ஏறினால் சரியாகும், சுடுதண்ணீரை ஊற்றாதே.

திரும்பும்போது சாக்லேட் வாங்குவாய். கோகோ வெண்ணெய் போட்டதா, வனஸ்பதி போட்டதா என்று லேபிளைப் பார். நல்லது என்றால் வத்தலக்குண்டிலேயே உருகிவிடும், ஐஸ் பெட்டியில் வை. எனக்கு யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில். தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, காய்ந்த பிறகு கறை நின்றால் வாங்காதே, வேறு எண்ணெய் கலந்தது. மலைப்பூண்டு ஒரு கிலோ.

தூக்குச்சட்டியை மறந்துவிட்டு வராதே. மூடியையும் சேர்த்து எடுத்து வா.

அன்புடன்,
அம்மா