மாலத்தீவு போகிறவர்களுக்குத் தமிழில் ஒரு தாள் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மாமியாருக்கு 78 வயது. சென்னிமலை முருகனின் சிறு பித்தளைச் சிலையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளாமல் எந்த ஊருக்கும் கிளம்பமாட்டார். கடந்த மே மாதம் குடும்பத்தோடு மாலத்தீவு போனபோது, மாலே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தச் சிலையை வாங்கி வைத்துக்கொண்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. வழிபாட்டுச் சிலைகளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ரசீது கொடுத்தார், திரும்பும்போது சிலையைப் பத்திரமாகத் தந்தார். ஏழு பேருக்குப் பணம் கட்டிய அன்று இதை ஒரு வார்த்தை சொல்லாத பயண ஏற்பாட்டாளர் மீதுதான் என் கோபம். ஐந்து நாளும் அத்தை காலையில் குளித்துவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

மஞ்சள் விற்ற காசில் பழனி, திருச்செந்தூர் என்று போய்வந்த எங்கள் கோபி வட்டாரத்துக் குடும்பங்கள் இப்போது கடல் தாண்டிப் போகின்றன. போகட்டும், நல்லதுதான். ஆனால் கையில் கொடுக்கப்படுவது நீலக் கடல் படம் மட்டுமே. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் தரும் சுற்றுலா அனுமதி இலவசம். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய 'இமுகா' என்ற பயணி விவரப் படிவமும் இலவசம். அதற்கு எங்களிடம் தலைக்கு 500 ரூபாய் வாங்கினார்கள். நாங்கள் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. அன்று அங்கே வார விடுமுறை. குறைந்த கட்டணப் பொதுப் படகு ஓடவில்லை. விரைவுப் படகுக்கு டாலரில் கொடுத்தோம்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில். அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் அதே மாதத்தில்தான். படகு ஆடிய ஆட்டத்தில் அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியே இருந்தார். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி என்று தங்கும் விடுதிக்காரர் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் பொங்கல் விடுப்பை ஒட்டிப் போயிருப்போம்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். காலையில் ரொட்டியோடு வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்த தேங்காய்த் துருவல் வைத்தார்கள். சைவம் மட்டுமே உண்ணும் அத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது மணத்தை வைத்துத்தான் தடுத்தேன். 'மாஸ் ஹூனி' என்ற அந்தப் பதார்த்தத்தில் பாதி சூரை மீன். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனதால் பிழைத்தோம்.

எல்லாவற்றிலும் பெரியது கடல். என் தம்பி மகன் தோட்டத்துக் கிணற்றிலும் தடப்பள்ளி வாய்க்காலிலும் நீந்தி வளர்ந்தவன். அந்தத் தைரியத்தில் இறங்கினான். பவளத்திட்டைத் தாண்டி அலை உள்ளே கொட்டும் தண்ணீர், திட்டின் இடைவெளி வழியாக வேகமாக வெளியே ஓடும். அந்த இழுப்பில் சிக்கிக்கொண்டு, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிட்டான். கிணற்றில் களைத்தால் படியைப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே பிடிக்க என்ன இருக்கிறது? படகுக்காரர் ஒருவர் கயிறு வீசி இழுத்தார். இழுப்பை எதிர்க்காமல் குறுக்கே நீந்தி விலக வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பவளம் கிழித்த கால் ஆற மூன்று வாரம் ஆனது. ரப்பர் காலணி ஒரு ஜோடி வாங்கியிருந்தால் அந்தக் காயமாவது இருந்திருக்காது.

பயண ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முன்பணம் வாங்கும் அன்றே இவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். சிலையும் மதுவும் கொண்டுபோகக் கூடாது. திரும்பும்போது பவளத் துண்டு எடுத்துவரக் கூடாது. மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் உடம்பை மூடிய உடை வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கோடை விடுமுறைக்கு முன்பு உங்கள் நாளிதழும் இதை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

அடுத்த மாதம் எங்கள் எதிர்வீட்டார் பாட்டியை அழைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்களுக்கு நானே கையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் வரியில் சிலையைப் பற்றி எழுதச் சொன்னவர் அத்தை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.