பிசானம் எப்படி வந்தது?

நண்பர்களே, வணக்கம். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் கதை என்று அனுப்பிய வயல் கதையை நானும்தான் வாயாரப் பாராட்டினேன். இரண்டாம் முறை படித்தபோது ஒரு சொல் இடறியது: பிசானம். காவிரியின் கிளையான நம் குடமுருட்டிக் கரையில் நெல் பருவம் என்றால் குறுவை உண்டு, சம்பா உண்டு, தாளடி உண்டு. பிசானம் என்று யார் சொல்கிறோம்? அது திருநெல்வேலிப் பக்கத்துச் சொல். ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினேன், மூலக் கதை கிடைத்துவிட்டது. தாமிரபரணியைக் குடமுருட்டி ஆக்கியவர் பிசானத்தை மறந்துவிட்டார்!

அனுப்பியவரிடம் தனியாகப் பேசிவிட்டேன். கதையை நீக்கியாயிற்று. யார் என்று கேட்டு எனக்குப் போன் செய்ய வேண்டாம்.

'வாட்ஸ்அப்பில் சுற்றுவதுதானே' என்கிறார்கள் சிலர். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கு உரிமை உண்டு. அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வரைக்கும். நாட்டுடைமை ஆன எழுத்தை யாரும் அச்சிடலாம், சரி. அதற்காக நம் பெயரைப் போட்டுக்கொள்ள முடியுமா?

இனி பிறர் எழுத்தை அனுப்பினால் மேலே 'பகிர்வு' என்று போட்டு, எழுதியவர் பெயரையும் சேருங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அப்பாயி பாடிய நடவுப் பாட்டா, அப்பாயி பாடியது என்றே போடுங்கள். படிக்கவும் அதுதான் நன்றாக இருக்கும். அப்புறம், யார் மீதாவது சந்தேகம் வந்தால் குழுவில் வெடிக்காமல் லிங்க்கோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள்.