கார்டு வாங்க அண்ணாச்சி கடைக்கும் போகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்களின் கார்டுகளை இணையத்தில் வாங்கி விற்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1952-இல் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் போட்ட, மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனதை எழுதியிருந்தீர்கள். அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய்! அதைப் படித்ததிலிருந்து எங்கள் தெருப் பையன்கள் பரணில் ஏறி டிரங்குப் பெட்டிகளைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். கிண்டட்டும். ஆனால் கடைகளுக்கு இனி வேலையில்லை என்று கட்டுரையை முடித்ததுதான் எனக்கு ஒப்பவில்லை.

திருநெல்வேலியில் கார்டுக்கென்றே தனிக்கடை எதையும் நான் பார்த்ததில்லை. டவுன் ரத வீதிகளிலும் பாளை மார்க்கெட் பக்கமும் இருக்கும் பழைய ஃபேன்சி ஸ்டோர், நோட்டுப் புத்தகக் கடைகளில்தான் தேட வேண்டும். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் மொய்த்து வாங்கிய, வீரரின் படமும் ரன், விக்கெட் கணக்கும் போட்ட டிரம்ப் கார்டுகளில் விற்காமல் தங்கியவை அங்கே இன்னும் உண்டு. "அண்ணாச்சி, பழைய கிரிக்கெட் கார்டு எதும் கெடக்கா?" என்றால், "அதெல்லாம் இப்பம் யாரு வே வாங்கா?" என்பார். ரெண்டு நோட்டும் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டால் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்குவார்.

இந்த மலிவுக் கார்டுகள் பலவற்றில் வருஷம் அச்சிட்டிருக்காது. அதில் இருக்கும் கணக்கை வைத்துத்தான் காலத்தைப் பிடிக்க வேண்டும். கபில்தேவுக்கு டெஸ்ட் விக்கெட் 434 என்றிருந்தால், அது 1994-க்கு முந்திய கார்டாக இருக்க முடியாது. நியூசிலாந்து வீரர் ஹாட்லியின் 431-ஐ அவர் தாண்டியதே அந்த வருஷம்தான். சச்சினுக்கு ஒருநாள் சதம் 0 என்று கண்டதும் ரொம்பப் பழைய கார்டு என்று துள்ளக் கூடாது. கொழும்பில் அவர் முதல் ஒருநாள் சதம் அடித்தது 1994 செப்டம்பர் 9-ஆம் தேதி. ஆனால் மலிவு அச்சகத்தார் பழைய கணக்கையே அதற்குப் பிறகும் ஓட்டியிருக்கலாம். அப்போது அட்டையின் கனம், மையின் பளபளப்பு, வெட்டிய ஓரம் எல்லாவற்றையும் கையில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு முடிவுக்கு வரலாம். வெளிநாட்டில் கார்டுக்கு 10 வரை மதிப்பெண் போடுகிறவர்களும் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

செல்போன் படத்தில் இதெல்லாம் எங்கே தெரிகிறது? இணையத்தில் ஒருவர் முன்பக்கத்தை மட்டும் படம் போட்டு எனக்கு ஒரு கார்டை விற்றார். வந்ததைத் திருப்பினால் பின்பக்கத்தில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் புள்ளிவிவரத்தைத் 'திருத்தி' வைத்திருந்தார்கள். திருப்பி அனுப்பலாம் என்றால் கூரியர் செலவு கார்டின் விலையைத் தாண்டியது.

இணையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு செட்டில் ஒன்றே ஒன்று குறைந்தால் அங்கேதான் கிடைக்கும். விலை நிலவரமும் தெரியும். ஆனால் அந்த விலையைக் கேள்விப்பட்டு, அஞ்சு ரூபாய்க் கார்டுக்கு ஐந்நூறு சொல்கிற அண்ணாச்சிகளும் இப்போது வந்துவிட்டார்கள். அவர்களிடம் பேரம் பேசலாம். செட்டில் ஒன்று கூடுதலாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கிற இன்னொரு பைத்தியத்தோடு பழக்கமும் ஏற்படலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்டுக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போடாதீர்கள். நம்மூர் வெயிலில் அது உருகி மேல் கார்டின் முகத்திலேயே ஒட்டிக்கொள்கிறது, பிய்த்தால் வீரரின் மூக்கும் சேர்ந்து வருகிறது. இறுக்கிய இடத்தில் ஓரமும் வெட்டுப்படுகிறது. சாதாரண பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரை ஒட்டாமல் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.