எஸ்.எம்.டி. பாகம் கழற்ற ஹாட் ஏர் கேட்டு வருபவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எஸ்.எம்.டி. (போர்டில் துளையில்லாமல் மேலேயே பற்றவைத்த சின்ன பாகம்) வகை ரெசிஸ்டரையோ எட்டுக் கால் ஐசியையோ கழற்றுவதற்காக ஹாட் ஏர் ஸ்டேஷன் (சூடான காற்றை ஊதிக் கழற்றும் கருவி) விலை கேட்டு வருகிறீர்கள். விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனாலும் 0805, 0603 என்ற அளவுள்ள சின்ன பாகங்களுக்கும், எஸ்.ஓ.-8 என்ற எட்டுக் கால் ஐசிக்கும் அது வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் சால்டரிங் அயர்ன் போதும். கூடுதலாகக் கொஞ்சம் லெட்டும் (பற்றவைக்கும் கம்பி) ஃப்ளக்ஸும் (லெட் நன்றாகப் பரவ உதவும் பசை) செலவாகும், அவ்வளவே.

பாகம் போனால் வேறு வாங்கலாம். பேட் (பாகத்தைப் பற்றவைத்திருக்கும் செம்புத் திட்டு) பெயர்ந்தால்தான் தலைவலி. பச்சை போர்டில் செம்பைப் பிடித்துக்கொண்டிருப்பது எபாக்ஸி. சாதாரண போர்டில் 130, 140 டிகிரியைத் தாண்டினாலே அது இளக ஆரம்பித்துவிடும். நாம் லெட் என்று வாங்கும் 63/37 கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) உருகுவதோ 183 டிகிரியில். இப்போதைய கம்பெனி போர்டுகளில் காரீயம் இல்லாத கலவை. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆக, லெட் உருகும் நேரத்தில் பேடின் பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஒரு முனை உருகி மறுமுனை உருகாத நிலையில் ட்வீசரால் நெம்பினால் பேடும் சேர்ந்து வந்துவிடும்.

பாகம் சின்னதாயிற்றே என்று ஊசி பிட் (அயர்னின் முனை) கேட்பவர்கள் பலர். ஊசி முனை சூட்டைச் சரியாகக் கடத்தாது. 2 மி.மீ. தட்டை பிட் போடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்ன் என்றால் 350 டிகிரி. சாதா 25 வாட் அயர்னும் சின்ன பாகங்களுக்குப் போதும். ஃப்ளக்ஸ் ரோசின் வகையாக இருக்கட்டும். தகரம் பற்றவைக்கும் ஆசிட் போர்டுக்கு ஆகாது. மிச்சம் இருந்தால் டிராக்கை (போர்டில் ஓடும் செம்புக் கோடு) அரித்துவிடும்.

சுவிட்ச் மோடு சப்ளை போர்டு என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரு கால்களிலும் சில விநாடி வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டு கையை வையுங்கள். கழற்றுமுன் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். செராமிக் கெப்பாசிட்டரின் மேல் ஒரு எழுத்தும் இருக்காது.

இனி ரெசிஸ்டர். இரு முனையிலும் ஃப்ளக்ஸ் தடவி, ஒவ்வொரு முனையிலும் புது லெட்டைத் தாராளமாக ஏற்றுங்கள். புது லெட் பழைய கலவையோடு கலந்தால் உருகும் சூடு இறங்கும். குவிந்து நிற்பதால் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். 0603 என்றால் நீளமே 1.6 மி.மீ.; தட்டை பிட்டைப் பக்கவாட்டில் சாய்த்தால் இரு முனையையும் ஒருசேரத் தொடும். 0805க்கு பிட்டை இடமும் வலமுமாக விநாடிக்கு ஒரு தரம் மாற்றுங்கள். இரண்டு குவியலும் பாதரசம் போல் பளபளத்ததும், பாகத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் வழுக்கிப் போகும். பல சமயம் பிட்டிலேயே ஒட்டிக்கொண்டு வரும். மேலே தூக்காதீர்கள்.

ஐந்து விநாடியிலும் நகரவில்லையா? நிறுத்தி, போர்டை ஆறவிடுங்கள். பெரும்பாலும் ஒரு முனை கிரவுண்டின் அகலச் செம்பில் இருக்கும். அது சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த முறை அந்த முனையில் பிட்டைக் கூடுதல் நேரம் வையுங்கள். இரண்டும் உருகியும் பாகம் நிற்கிறதென்றால் அடியில் சிவப்புப் பசை இருக்கும். லெட் உருகிய நிலையிலேயே ட்வீசரால் லேசாகத் திருகினால் பசை விட்டுவிடும்.

கழற்றிய ரெசிஸ்டரை மீட்டரில் பார்த்து மறுபடி போடலாம். செராமிக் கெப்பாசிட்டரைப் போடாதீர்கள். திடீர்ச் சூட்டில் உள்ளே விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஷார்ட் ஆகி சப்ளையையே இழுத்துவிடும்.

எஸ்.ஓ.-8 ஐசிக்கு ஒரு துண்டு செம்புக்கம்பி போதும். 1.5 சதுர மி.மீ. ஒற்றைக்கம்பியின் உறையை உரித்து, ஐசியைச் சுற்றி லாடம் போல் வளையுங்கள். லாடத்தின் இரு கையும் இரு வரிசைக் கால்களின் மேலும் படிய வேண்டும். கம்பிக்கு முதலில் லெட் பூசி, ஃப்ளக்ஸ் விட்டு, கால்கள் மூழ்கும்படி லெட் ஏற்றி, அயர்னைக் கம்பியின் மேலேயே நகர்த்துங்கள். இதற்கு 25 வாட் திணறும். 60 வாட் எடுங்கள். எட்டுக் காலும் உருகியதும் கம்பியோடு சேர்த்து ஐசியைத் தள்ளிவிடலாம். ஐசி செத்தது உறுதி என்றால் இந்தப் பாடும் வேண்டாம்: கூர்மையான சின்ன கட்டரால் கால்களை உடம்பை ஒட்டி வெட்டி, ஒவ்வொரு காலாக எடுங்கள். பிளேடு வைத்து அழுத்தினால் அடியில் ஓடும் டிராக்கும் வெட்டுப்படும்.

எல்இடி பல்ப் கதை வேறு. அதன் தட்டு அலுமினியம். மேலிருந்து எவ்வளவு வைத்தாலும் சூடு நிற்காது. தட்டைத் தனியே கழற்றி, துணிக்குப் பயன்படாத பழைய இஸ்திரிப் பெட்டியை ஆடாமல் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தட்டை வைத்துச் சூடேற்றுங்கள். பிறகு மேலிருந்து அயர்ன் காட்டினால் 2835 அளவு எல்இடி எளிதில் நகரும். புதியதைப் போடுமுன் பிளஸ், மைனஸ் பாருங்கள்.

கடைசி வேலை பேடைச் சுத்தம் செய்வது. பேட் பெயர்வது பாதி இங்கேதான். விக்கில் (லெட்டை உறிஞ்சும் செம்புப் பின்னல்) ஃப்ளக்ஸ் தடவி பேடின் மேல் வைத்து, அதன் மேல் பிட்டை வையுங்கள், தேய்க்க வேண்டாம். லெட் ஏறியதும் விக்கையும் பிட்டையும் ஒன்றாகத் தூக்குங்கள். பிட்டை முதலில் எடுத்தால் விக் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்தால் பேடும் போச்சு. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

வயிற்றுக்கடியில் பேட் உள்ள க்யூ.எஃப்.என்., பி.ஜி.ஏ. ஐசிகளுக்கு மட்டும் ஹாட் ஏர் கட்டாயம் வேண்டும். அவற்றை அயர்னால் முயலாமல் போர்டை எங்களிடமே கொண்டு வாருங்கள்.

கவுண்டர் பக்கத்துப் பெட்டியில் பழைய டிவி, செட்டாப் பாக்ஸ் போர்டுகள் கிடக்கின்றன. சொந்த போர்டில் கை வைக்குமுன் பழகிப் பார்க்க இரண்டு எடுத்துப் போகலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடையார்